கடவுளின் அன்பில் உணர்ச்சி கிடையாதா? அம்மா கேட்ட கேள்வி

வேப்பம்பூ | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் அப்பா இறந்துவிட்டார். மூன்று வருடம் டயாலிசிஸ். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், கடைசியில் மூன்று நாள். ஒரு தடவை விடாமல் அம்மாதான் கூடப் போனார்கள். காலை 5 மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணிவிட்டு, அவருக்கு உப்பில்லாத டிபன் கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

அடக்க ஆராதனையில் செய்தி கொடுத்தவர் நான்கு வகை அன்பைப் பற்றிப் பேசினார். எல்லாம் கிரேக்கச் சொற்கள்: ஈரோஸ் (காதல்), ஸ்டோர்கே (குடும்பப் பாசம்), ஃபிலியோ (நட்பு), அகாப்பே. முதல் மூன்றும் மனித அன்பு, உணர்ச்சியால் வருவது, மாறிப்போவது என்றார். அகாப்பே மட்டும்தான் தேவ அன்பு, அதில் உணர்ச்சிக்கு இடமே இல்லை, அது ஒரு தீர்மானம் என்றார். சிறுவயதிலிருந்து நானும் இதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று கேட்டார்கள்: “உணர்ச்சி இல்லாத அன்பு என்ன அன்பு? உங்க அப்பா ராத்திரியெல்லாம் துடிச்சாரே, அதைப் பாத்து ஆண்டவருக்கு ஒண்ணுமே தோணலையா? தீர்மானம் மட்டும்தான் எடுத்தாரா?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா விசுவாசத்தை விடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்த இரண்டு ஞாயிறும் கோயிலுக்குப் போகவில்லை. வேதம் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

---

எளியவன் | திங்கள், இரவு 10.25

சிஸ்டர், உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன். அப்பாவின் பிரிவைத் தேவன் தாமே ஆற்றுவாராக.

ஒரு காரியம் சொல்ல வேண்டும். அந்தப் பாஸ்டர் தவறாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். என்னை ஏமாற்றினவன்மேல் எனக்குப் பாசம் பொங்கி வருமா? வராது. ஆனால் அவன் பசியாயிருந்தால் சாப்பாடு போட முடியும், அவனுக்காக ஜெபிக்க முடியும். அது தீர்மானம்தானே? நான் குடித்து அழிந்துகொண்டிருந்த நாட்களில் தேவனுடைய அன்பு என் நடத்தையைப் பார்த்து ஏறி இறங்கியிருந்தால் இன்றைக்கு நான் உயிரோடு இருக்க மாட்டேன். உணர்ச்சி மாறும், தேவன் மாறாதவர். அதைத்தான் அவர் சொல்ல வந்திருப்பார்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: தேவனுடைய அன்பு நம்முடைய அன்பைவிடக் குறைந்ததல்ல, பெரியது.

---

தாமிரபரணி | செவ்வாய், காலை 6.15

மகளே, உன் பதிவை விடியற்காலையில் வாசித்தேன். 31 வருடம் பள்ளியில் வேதபாடம் நடத்தியவள் நான். அந்த நான்கு வகை அன்பு பாடத்தை நானும் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு கிரேக்கம் கொஞ்சம் படித்தேன். அப்போதுதான் அது நிற்காது என்று தெரிந்தது. அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த நான்கு சொற்களும் வேதாகமத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கவில்லை. ஈரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஓர் இடத்திலும் இல்லை. ஸ்டோர்கேயும் தனிச்சொல்லாக இல்லை. அதோடு சேர்ந்த சொற்கள் இரண்டு மூன்று இடங்களில் வருகின்றன, அவ்வளவுதான். இருப்பவை அகாப்பேயும் ஃபிலியோவும்.

அகாப்பே தெய்வீக அன்புக்கு மட்டும் ஒதுக்கிய சொல்லா? எபிரேய வேதத்தை இயேசுவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்தார்கள், எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்போம். அதில் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைப் பார். அம்னோன் தன் தங்கை தாமார்மேல் வைத்து, கடைசியில் அவளைக் கெடுத்த அந்த ஆசைக்கும் அகாப்பே என்ற சொல்தான். பரிசேயர் முதன்மையான ஆசனங்களை விரும்புகிறார்கள் என்று லூக்கா 11:43 சொல்கிறது, அதே வினைச்சொல். மனிதர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்ற யோவான் 3:19இலும் அதுதான். பவுலோடு ஊழியம் செய்த தேமா இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனானே, அங்கேயும் அதுதான்.

இப்போது திருப்பிப் பார். பிதா குமாரனை நேசிக்கிறார் என்று யோவான் 3:35 சொல்லும்போது அகாப்பே. அதே விஷயத்தை 5:20 சொல்லும்போது ஃபிலியோ. இரண்டு அதிகாரத்துக்குள் பிதாவின் அன்பு ஒரு படி இறங்கிவிட்டதா? யோவான் 16:27இல் “பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்” என்று இருக்கிறது. அங்கேயும் ஃபிலியோ. நம் பழைய மொழிபெயர்ப்பில் அதற்கு எவ்வளவு பொருத்தமாகச் “சிநேகிக்கிறார்” என்று போட்டிருக்கிறார்கள்! நண்பன்மேல் வைக்கிற பிரியம். அதைப் பிதா உன்மேல் வைத்திருக்கிறார் என்று இயேசு தம் வாயால் சொல்கிறார்.

ஆகவே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு “தேவ அன்பில் உணர்ச்சி இல்லை” என்று சொல்ல வழியில்லை. உன் அம்மா கேட்டது சரியான கேள்வி. மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன், பேத்தியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

---

கெபித்தெரு | செவ்வாய், காலை 11.05

நான் கத்தோலிக்கன். டீச்சர் சொன்னதை ஒப்புக்கொண்டே, எளியவன் அண்ணன் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

கடவுளுக்கு உணர்ச்சிவேகம் இல்லை என்பது இன்று நேற்று வந்த போதனை இல்லை. இறையியலாளர் புனித தோமா அக்குவினா 13ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதினார். அவர் கணக்கில் உணர்ச்சிவேகம் என்பது உடம்போடு சேர்ந்தது. வெளியிலிருந்து ஒன்று வந்து நம்மைத் தாக்குகிறது, நாம் ஆடிப்போகிறோம். கடவுளை அப்படி யாரும் தாக்கி ஆட்ட முடியாது. அதனால் அவருடைய அன்பு சித்தத்தின் செயல், பிறருக்கு நன்மையை விரும்புவது என்றார். இந்த வாக்கியத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டால் ஐஸ்கட்டி மாதிரி ஒரு கடவுள்தான் மிஞ்சுவார்.

ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேளுங்கள். நாம் எப்படி நேசிக்கிறோம்? ஒன்றில் ஏற்கெனவே ஒரு நன்மை இருக்கிறது, அழகோ குணமோ, அது நம்மை இழுக்கிறது. கடவுளுக்கு இது தலைகீழ். அவர் நேசிப்பதால்தான் ஒரு பொருளில் நன்மையே உண்டாகிறது. மகனைப் பார்த்து “நீ நல்லவன், அதனால் உன்னை நேசிக்கிறேன்” என்று நாம் சொல்வோம். கடவுள் நேசித்ததால் அந்த மகன் இருக்கிறான். அவன் இந்த நிமிடம் மூச்சு விடுவதும் அதனால்தான். இது உணர்ச்சிக்குக் கீழே இருக்கிற ஒன்று இல்லை. நம் உணர்ச்சியெல்லாம் எங்கிருந்து வருகிறதோ அந்த ஊற்று.

20ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் நீக்ரன் என்ற லூத்தரன் ஆயர் ஈரோஸ் வேறு, அகாப்பே வேறு, இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்று பெரிதாக எழுதினார். 1930இல் முதல் பாகம் வந்தது. நம் ஊர்ப் பிரசங்கத்தில் கேட்பதில் நிறைய அந்த வாதத்தின் எதிரொலிதான் என்பது என் எண்ணம். 2005 டிசம்பரில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலைக் கடவுளின் அன்பைப் பற்றியே எழுதினார். அதில் இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று முழுக்கப் பிரிக்க முடியாது என்கிறார். ஓசேயா இறைவாக்கினரைக் காட்டுகிறார். துரோகம் செய்த மனைவியை விட முடியாமல் தவிக்கிற கணவனைப் போலக் கடவுள் பேசுகிற நூல் அது. அந்த ஏக்கத்தைத் தீர்மானம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

தங்கச்சி, அம்மாவைத் தோமா அக்குவினாவை வைத்துச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள். அது இப்போது அவருக்கு வேண்டாம். ஓசேயா 11ஐ வாசித்துக் காட்டுங்கள்.

---

தரங்கை | செவ்வாய், பிற்பகல் 2.30

நாங்கள் லூத்தரன் சபை, அதனால் ஒரு வார்த்தை. கெபித்தெரு சொன்ன அதே விஷயத்தை லூத்தரும் சொன்னார். 1518 ஏப்ரலில் ஹைடல்பர்க்கில் நடந்த விவாதத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த இறையியல் கூற்றுகளில் கடைசியான 28ஆவது: கடவுளின் அன்பு தனக்குப் பிடித்தமானதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை, அதை உண்டாக்குகிறது, மனிதரின் அன்போ தனக்குப் பிடித்தமானதைப் பார்த்தபின் வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் ரோமும் லூத்தரின் ஊரான விட்டன்பர்கும் ஒன்றாக நிற்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் தாத்தா இதை வேறுமாதிரிச் சொல்வார். அவர் தச்சர். மழையில் நனைந்து கோணிப்போன பலகையை யாரும் வாங்க மாட்டார்கள். அதை எடுத்துவந்து இழைத்து ஊஞ்சல் பலகையாக்கினவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்பார். ரோமர் 5:8ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊஞ்சல்தான் ஞாபகம் வரும். “நாம் பாவிகளாயிருக்கையில்” என்றுதான் பவுல் எழுதுகிறார், திருந்திய பிறகு என்று எழுதவில்லை.

---

எளியவன் | செவ்வாய், மாலை 5.10

டீச்சரம்மா, யோவான் 3:35ஐயும் 5:20ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை வருடம் நானும் அந்த நான்கு வகையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் பேதுருவிடம் ஆண்டவர் கேட்கிற யோவான் 21? “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று இரண்டு தடவை அகாப்பேயில் கேட்கிறார். பேதுரு “உம்மை நேசிக்கிறேன்” என்று ஃபிலியோவில் பதில் சொல்கிறான். மூன்றாம் தடவை ஆண்டவர் அவனுக்காக இறங்கி ஃபிலியோவுக்கு வருகிறார் என்று எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறோம். நம் தமிழ் வேதாகமத்திலும் இரண்டு சொல்லாகத்தான் இருக்கிறது. அது சும்மாவா?

---

தாமிரபரணி | செவ்வாய், இரவு 8.50

நல்ல கேள்வி தம்பி. அந்த வேறுபாட்டில் அர்த்தம் இருக்கிறது என்று சொல்கிற அறிஞரும் உண்டு, இல்லை என்கிறவரும் உண்டு. எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. அந்த மூன்று வசனத்தில் யோவான் எல்லாவற்றையும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறார். ஆட்டுக்குட்டி என்கிறார், ஆடு என்கிறார். மேய்ப்பாயாக என்பதற்கும் இரண்டு சொல். அது அவர் எழுதும் விதம். “இயேசு நேசித்த சீஷன்” என்று 13:23இல் சொல்லும்போது அகாப்பே, 20:2இல் சொல்லும்போது ஃபிலியோ. ஆள் அதே ஆள்தான்.

மூன்றாம் தடவை பேதுரு துக்கப்பட்டது சொல் மாறியதால் என்று நினைக்க வேண்டாம். மூன்று தடவை கேட்டதால். ஏனென்றால் அவன் மூன்று தடவை மறுதலித்தவன். கரையில் என்ன எரிந்துகொண்டிருந்தது பார்: கரிநெருப்பு. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. இன்னொன்று பிரதான ஆசாரியனின் முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே “அவரை அறியேன்” என்று சொன்ன இடத்தில். அதே கரிப்புகை வாசத்தில் அவனை உட்காரவைத்து, முதலில் காலைச் சாப்பாடு கொடுத்து, அப்புறம்தான் கேட்கிறார். இலக்கணத்தைக் காட்டிலும் இந்த மீனும் அப்பமும் எனக்குத் தேவ அன்பைப் பற்றி அதிகமாகச் சொல்கின்றன.

வேப்பம்பூ, இது உனக்கு. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது என்று நான் நினைப்பது யோவான் 11.

லாசரு வியாதியாய்க் கிடக்கிறான். சகோதரிகள் ஆள் அனுப்பி, “ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்” என்று சொல்கிறார்கள். ஃபிலியோ. 5ஆம் வசனம், இயேசு மார்த்தாளிடத்திலும் அவள் சகோதரியிடத்திலும் லாசருவினிடத்திலும் அன்பாயிருந்தார். அகாப்பே. ஒரே வீட்டார்மேல், ஒரே நேரத்தில் இரண்டு சொல். அடுத்த வசனம்தான் எனக்கு எப்போதும் வலிக்கும். அவன் வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் “தாம் இருந்த இடத்திலே பின்னும் இரண்டுநாள் தங்கினார்.” அன்பாயிருந்தார் என்று எழுதிவிட்டு, உடனே தங்கினார் என்று எழுதுகிறார் யோவான். அந்த இரண்டு வசனத்துக்கு நடுவில்தான் உன் அம்மா மூன்று வருடம் இருந்திருக்கிறார்கள்.

அவர் வந்து சேரும்போது கல்லறையில் வைத்து நாலு நாள். மார்த்தாள் வழியிலேயே மறித்து, “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள். பின்னால் வந்த மரியாளும் அச்சு மாறாமல் அதையே சொல்கிறாள். அந்த நாலு நாளும் அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் இதையேதான் பேசிப் பேசி அழுதிருப்பார்கள். இரண்டு பேரையும் அவர் கண்டிக்கவில்லை, உங்களுக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. அவள் அழுவதைக் கண்டு “ஆவியிலே கலங்கித் துயரமடைந்து” என்று இருக்கிறது. அங்கேயுள்ள கிரேக்கச் சொல் இன்னும் கடுமையானது, உள்ளுக்குள் குமுறுவது, சீறுவது போன்ற அர்த்தம். அப்புறம் “இயேசு கண்ணீர் விட்டார்.” இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். அது தெரிந்திருந்தும் அழுகிறார்.

இதைத் தீர்மானம் என்று மட்டும் எப்படியம்மா சொல்வது?

---

வேப்பம்பூ | செவ்வாய், இரவு 11.20

டீச்சர், 5, 6 வசனங்களை இப்படிச் சேர்த்து நான் வாசித்ததே இல்லை. லாசருவை எழுப்பினதைத்தான் எப்போதும் கேட்டிருக்கிறோம்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லாசரு எழுந்து வந்தான். அப்பா வரவில்லை. அம்மா இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

---

கார்த்திகை | புதன், காலை 9.15

நான் சைவக் குடும்பம். இந்த இழையை நேற்றிலிருந்து படிக்கிறேன், வேப்பம்பூ அவர்களுக்கு என் ஆறுதல். எங்கள் வீட்டில் “அன்பே சிவம்” என்பது நாள்தோறும் வாயில் புழங்கும் வார்த்தை. அன்பும் சிவமும் வேறு வேறு இல்லை என்பது திருமூலர் வாக்கு. நீங்கள் “தேவன் அன்பாகவே இருக்கிறார்” என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானா, அல்லது எங்கேயாவது பிரிகிறதா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, உள்ளபடியே தெரிந்துகொள்ள ஆசை.

---

கெபித்தெரு | புதன், காலை 10.40

ஐயா, கேட்டதற்கு நன்றி. இரண்டும் மிகப் பக்கத்தில் நிற்கின்றன. அன்பு என்பது கடவுள் எப்போதாவது செய்கிற வேலை இல்லை, அவர் இருப்பே அதுதான் என்று இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். தமிழில் வாசிக்கிற கிறிஸ்தவனுக்கு 1 யோவான் 4:8 அந்நியமாக ஒலிக்காததற்கு இந்த மண்ணில் அந்த வார்த்தை முன்பே ஊறியிருப்பதும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

எங்கே பிரிகிறது என்றால், இரண்டு இடம் சொல்லலாம். அன்பு என்றால் இன்னொருவர் வேண்டும். உலகம் படைக்கப்படும் முன் கடவுள் யாரை நேசித்தார்? இதற்குக் கிறிஸ்தவம் மூவொரு கடவுள் என்று பதில் சொல்கிறது. தந்தை, மகன், தூய ஆவி. நேசிக்கிறவர், நேசிக்கப்படுகிறவர், அவர்களுக்கிடையில் ஓடுகிற அன்பு என்று புனித அகுஸ்தினார் இதை விளக்கப் பார்த்தார். ஆகவே தனிமை தீர்வதற்காகக் கடவுள் நம்மைப் படைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே நிறைந்து வழிவதில் நமக்கும் பங்கு கொடுத்தார்.

இரண்டாவது, அந்த அன்புக்கு ஒரு தேதியும் இடமும் உண்டு என்று நாங்கள் சொல்கிறோம். போந்தியு பிலாத்து ஆளுநராக இருந்த காலம், எருசலேம் நகருக்கு வெளியே ஒரு மேடு. விசுவாச அறிக்கையில் ஒரு ரோமை அதிகாரியின் பெயரை ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அது இதற்காகத்தான். யோவானே அடுத்த வரிகளில் அப்படித்தான் விளக்குகிறார்: நாம் கடவுள்மேல் அன்பு கொண்டதில் அல்ல, அவர் நம்மேல் அன்புகொண்டு தம் மகனை அனுப்பியதில்தான் அன்பின் பொருள் விளங்குகிறது என்று.

---

கார்த்திகை | புதன், காலை 11.30

புரிகிறது. இரண்டாவது சொன்னதை இன்னும் யோசிக்க வேண்டும். நன்றி ஐயா.

---

மூன்றாமாண்டு | புதன், இரவு 7.45

வேப்பம்பூ அக்கா, நான் இறையியல் கல்லூரி மாணவன். “அப்பா வரவில்லை” என்று நீங்கள் எழுதியதை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

யூர்கன் மோல்ட்மன் என்று ஒரு ஜெர்மன் இறையியலாளர், 2024இல் காலமானார். 1943இல் ஹாம்பர்க் நகரத்தின்மேல் குண்டு விழுந்தபோது அவருக்கு 17 வயது. பக்கத்தில் நின்ற நண்பன் அந்த இடத்திலேயே செத்துப்போனான், இவர் பிழைத்தார். கோயில் குளம் என்று வளர்ந்தவர் இல்லை. ஆனாலும் அன்று இரவு, கடவுளே நீ எங்கே இருக்கிறாய் என்று முதல் தடவையாகக் கேட்டாராம். 1945இல் போர்க்கைதியானார். முகாமில் ஒரு ராணுவப் போதகர் வேதாகமம் கொடுத்தார். 39ஆம் சங்கீதம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு மாற்கு சுவிசேஷத்தில், சிலுவையில் இயேசு எழுப்பிய “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற சத்தத்துக்கு வந்தபோது, என்னைப் புரிந்துகொள்கிற ஒருவர் இவர்தான் என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்துதான் அவர் இறையியல் தொடங்கியது. பாடுபட முடியாத கடவுளால் நேசிக்கவும் முடியாது என்று 1972இல் துணிந்து எழுதினார்.

கெபித்தெரு அண்ணன் சொன்ன பழைய போதனையோடு இது மோதுகிறது. வகுப்பில் இதைப்பற்றி நாங்கள் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் பழைய சபையும் கடவுளைத் தூரத்தில் நிறுத்திவிடவில்லை. 553இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம், மாம்சத்தில் சிலுவையில் அறையப்பட்டவர் திரித்துவத்தில் ஒருவரே என்று அறிக்கையிட்டது. அதாவது கல்வாரியில் வலித்தது ஏதோ ஒரு நல்ல மனிதனுக்கு மட்டும் இல்லை.

ஓசேயா 11இலும் ஒன்று கவனியுங்கள். 8ஆம் வசனத்தில் “என் இருதயம் எனக்குள் குழம்புகிறது, என் பரிதாபங்கள் ஏகமாய்ப் பொங்குகிறது” என்கிறார். 9ஆம் வசனத்தில், ஏனென்றால் நான் மனுஷன் அல்ல, தேவன் என்கிறார். நாமெல்லாம் என்ன சொல்வோம்? கடவுள் மனிதன் இல்லை, அதனால் அவருக்கு உணர்ச்சி பொங்காது என்போம். அவர் சொல்வது நேர்மாறு. நான் தேவனாயிருப்பதால்தான் என்னால் உன்னைக் கைவிட முடியவில்லை என்கிறார்.

---

எளியவன் | புதன், இரவு 9.30

தம்பி, அந்த 9ஆம் வசனத்தை இத்தனை வருடம் நான் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன்.

முதலில் நான் எழுதினதில் ஒன்றைத் திருத்த வேண்டும். சத்துருவைச் சிநேகிக்கிறது தீர்மானத்தில் ஆரம்பிக்கலாம், அங்கேயே நிற்க வேண்டியதில்லை. நல்ல சமாரியன் உவமையை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் வார்த்தான், காயம் கட்டினான், பணம் கொடுத்தான். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் “அவனைக் கண்டு, மனதுருகி” என்று இருக்கிறது. கெட்ட குமாரன் தூரத்தில் வரும்போதே தகப்பன் “மனதுருகி, ஓடி” என்று வருகிறதே, அதே வார்த்தை.

---

தாமிரபரணி | புதன், இரவு 9.55

ஆமாம் தம்பி, கிரேக்கத்திலும் அதே சொல்தான். குடல், ஈரல் என்று வயிற்றுக்குள் இருப்பவற்றைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. நாம் வயிறு எரிகிறது, குலை நடுங்குகிறது என்கிறோம் பார், அந்த இடம். எபிரேயத்தில் இரக்கத்துக்கான சொல்லும் கருப்பை என்ற சொல்லும் ஒரே வேர். ஏசாயா 49:15ஐ அதை மனதில் வைத்துக்கொண்டு வாசி.

---

வேப்பம்பூ | ஞாயிறு, மாலை 6.20

எல்லோருக்கும் தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வியாழன் இரவு அம்மாவுக்கு யோவான் 11 வாசித்துக் காட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, வாசிக்க மட்டும் செய்தேன். 6ஆம் வசனம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். “ரெண்டு நாள்தானே” என்று மெதுவாகச் சொன்னார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மார்த்தாள் சொன்னதும் மரியாள் சொன்னதும் ஒரே வார்த்தை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “நானும் அதைத்தான் கேட்டேன். ஐசியூ வாசல்ல நின்னு அதைத்தான் கேட்டேன். பாவமோன்னு இத்தனை நாள் உள்ளுக்குள்ள இருந்துச்சு” என்றார்கள். கோயிலுக்குப் போகாமல் இருந்த காரணம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபத்தில் இல்லை, அப்படிக் கேட்டுவிட்டோமே என்ற பயத்தில்.

நான் நினைத்தபடியே, லாசரு எழுந்து வந்த இடத்தில் அம்மா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கண்ணீர் விட்ட வசனத்தை மட்டும் தூங்கப் போகுமுன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

நேற்று ஏசாயா 49:15 வாசித்தோம். “ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ?” எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. அதைப்பற்றி அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. நேற்று பேசினார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க அப்பா நினைத்திருந்தார் என்று சொன்னார்கள்.

இன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போனோம். வழக்கமாக அப்பாவோடு உட்கார்கிற இடத்தில் உட்காராமல், பின்னால் தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள். பாட்டுப் பாடவில்லை. ஜெபத்தில் முழங்கால் போட்டார்கள்.

ஓர் உதவி வேண்டும். அம்மா தானே வாசிக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டிலிருக்கிற வேதாகமத்தில் எழுத்து ரொம்பச் சின்னது, அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சிரமப்படுகிறார்கள். பெரிய எழுத்தில் பழைய மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும்?

---

தாமிரபரணி | ஞாயிறு, இரவு 7.05

பைபிள் சொசைட்டி கடையில் பெரிய எழுத்து வேதாகமம் கிடைக்கும் மகளே. ஆனால் கனமாக இருக்கும், மடியில் வைத்து வாசிக்கக் கை வலிக்கும். புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த பெரிய எழுத்துப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் எழுது. என்னிடம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கிறேன், அம்மாவுக்குப் பரவாயில்லை என்றால் அனுப்பிவைக்கிறேன்.